கேஸ் ஷீட் முதல் மருந்துச் சீட்டு வரை: உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெற முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஒரு செவிலியர் எழுதிவைத்த ஒன்றரை வரியிலிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு ஊசி போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, கண் இமைகள் வீங்கிவிட்டன. உடனே ஊசியை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். விடிவதற்குள் சரியாகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிகிச்சைக் காலத்தில் சிக்கல் ஏதுமில்லை" என்று இருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டு ஆண்டு பத்து மாதம் கழித்து, மூட்டு அறுவைக்காக வேறொரு மருத்துவமனை. மயக்க மருந்து நிபுணர், "எந்த மருந்தாவது ஒவ்வாமை உண்டா?" என்று கேட்டார். "ஏதோ ஒரு ஊசி" என்றார் அம்மா. எந்த ஊசி? யாருக்கும் தெரியவில்லை. பழைய மருத்துவமனைக்கு ஓடினேன். முதல் நாள் வாய்வார்த்தையாகக் கேட்டேன், கிடைக்கவில்லை. மறுநாள் கடிதம் கொடுத்தேன். மூன்றாம் நாள் தொண்ணூறு பக்க நகல் கைக்கு வந்தது. அதில் 61ஆம் பக்கம், செவிலியர் குறிப்பில், இரவு 9.40 மணிக்கு நேராக மருந்தின் பெயர்: செஃப்ட்ரியாக்சோன். பக்கத்திலேயே, "உடலில் தடிப்பு, ஊசி நிறுத்தப்பட்டது, பணி மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது."

இன்னும் இரண்டு மாதம் தாமதித்திருந்தால், அந்தக் கோப்பை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் மருத்துவமனைக்கு இருந்திருக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் சொல்லியிருப்பவை இந்தியச் சட்டங்களும் விதிகளும். அலுவலகங்களைப் பற்றிய விவரங்களில் தமிழ்நாட்டை மனதில் வைத்திருக்கிறேன்.

முதல் படி: எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் டிஸ்சார்ஜ் சம்மரியையே முழு ஆவணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயரே சொல்வதுபோல் அது சுருக்கம்தான். பல நேரங்களில் வேலைப்பளுவில் இருக்கும் ஓர் இளம் மருத்துவர் அவசரமாகத் தயாரித்தது. முழுக்கதையும் கேஸ் ஷீட் எனப்படும் உள்நோயாளிக் கோப்பில் இருக்கிறது. சேர்க்கைக் குறிப்பு, மருத்துவர்களின் அன்றாடக் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், எந்த மருந்தை எத்தனை மணிக்கு யார் கொடுத்தார் என்ற அட்டவணை, அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள், எல்லாப் பரிசோதனை முடிவுகளும் அதில் அடங்கும். ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவை பொருத்தியிருந்தால், அந்தக் கருவியின் தயாரிப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கரும் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை. அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இன்னொரு மருத்துவர் பார்க்க விரும்புவது படத்தை. சி.டி.யிலோ இணைய இணைப்பாகவோ முழுப் படங்களையும் கேளுங்கள். திசுப் பரிசோதனை செய்திருந்தால், இரண்டாவது கருத்துக்காக அந்தக் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் கேட்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வேறு மையத்துக்குப் போகிறவர்களிடம் அங்கே முதலில் கேட்பதே இவற்றைத்தான்.

இரண்டாம் படி: 72 மணி நேரம், 3 ஆண்டு

இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் நடத்தை ஒழுங்குமுறைகளில் 1.3.1, 1.3.2 ஆகிய விதிகள் இவற்றைச் சொல்கின்றன. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று அதே ஒழுங்குமுறைகளின் 7.2ஆம் விதி சொல்கிறது.

2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆனால் அதே மாதம் 23ஆம் தேதி அவை நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. "அந்த விதியெல்லாம் மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இதற்குத் துணையாகத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனம் இருக்கிறது. அதில் 17 உரிமைகள். சிகிச்சையில் இருக்கும்போதே 24 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பிய பின் 72 மணி நேரத்துக்குள்ளும் ஆவணம் தர வேண்டும் என்கிறது அது. ஆவணம் கேட்க டிஸ்சார்ஜ் ஆகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு இரண்டாவது கருத்து கேட்க நினைத்தால், அன்றைக்கே கேட்க வேண்டும்.

புறநோயாளியாகப் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. 3 ஆண்டு பாதுகாப்புக் கடமை உள்நோயாளிக் கோப்புக்கே சொல்லப்பட்டிருக்கிறது. ஓ.பி. சீட்டும் பரிசோதனைத் தாளும் உங்கள் கையில் இருப்பவைதான். அவற்றைத் தொலைத்தால் திரும்பக் கிடைப்பது சந்தேகமே. இ.சி.ஜி. தாள் போன்றவற்றில் எழுத்து காலப்போக்கில் மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள் அல்லது செல்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: கடிதம்

வாய்வார்த்தையாகக் கேட்டதற்குச் சாட்சியம் இல்லை. 72 மணி நேரக் கணக்கு தொடங்க ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதியைத் தருவது கடிதம். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ ஆவணப் பிரிவு என்று தனியாக உண்டு. இல்லாத இடத்தில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ நிர்வாக அலுவலருக்கோ எழுதுங்கள். நான் கொடுத்தது ஏறத்தாழ இப்படி:

"பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர். பொருள்: மருத்துவ ஆவணங்களின் முழு நகல் கோருதல். என் தாயார் (பெயர், வயது, உள்நோயாளி எண்) இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். மருத்துவர் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், மருந்து அட்டவணை, அறுவை மற்றும் மயக்க மருந்துக் குறிப்புகள், ஒப்புதல் படிவங்கள், பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் படங்கள் உள்ளிட்ட முழுக் கோப்பின் நகலை, 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 1.3.2ஆம் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். இணைப்பு: நோயாளியின் அடையாள அட்டை நகல், அவர் எனக்கு அளித்த அதிகாரக் கடிதம்."

இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதி, நேரம், முத்திரை, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், கூடவே விரைவுத் தபாலிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "முழுக் கோப்பு" என்று மட்டும் எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியையே இன்னொரு முறை அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதனால்தான் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நகல் வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள், தேதி வரிசையாக அடுக்குங்கள். நடுவில் ஒரு நாளின் குறிப்பு இல்லை என்றால் அப்போதே எழுத்தில் கேளுங்கள்.

யார் கேட்கலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நோயாளி நேரடியாகக் கேட்கலாம், அல்லது அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு நீங்கள் கேட்கலாம். குழந்தை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ. நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தாருக்கு இறப்புச் சுருக்க அறிக்கையும் பரிசோதனை முடிவுகளும் பெறும் உரிமை இருப்பதாகச் சாசனம் சொல்கிறது. அப்போது இறப்புச் சான்றிதழையும் உறவைக் காட்டும் ஆவணத்தையும் இணைக்க வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தோன்றாது. உறவினரில் நிதானமாக இருக்கும் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது பெரிய உதவி.

நான்காம் படி: மறுக்கும்போது என்ன சொல்வது

"கேஸ் ஷீட் மருத்துவமனையின் சொத்து, நோயாளிக்குத் தர மாட்டோம்." எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். மூலத் தாள்களை மருத்துவமனை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. நாம் கேட்பது நகல். "இது ரகசியம்" என்பார்கள். ரகசியம் காக்கப்படுவது நோயாளிக்காக. அவரிடமிருந்தே எதை மறைப்பது? ஆவணங்களைத் தர மறுக்க ரகசியத்தைக் காரணமாகக் காட்ட முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது.

"போலீஸ் கேஸ், தர முடியாது" என்பது விபத்து வழக்குகளில் அடிக்கடி கேட்கும் பதில். மூல ஆவணம் விசாரணைக்குத் தேவைப்படலாம். நகல் கேட்கும் நோயாளியின் உரிமையை அது அழித்துவிடாது. "பில் பாக்கி இருக்கிறது" என்பது இன்னொன்று. பணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்று சாசனம் தெளிவாகச் சொல்கிறது. ஆவணத்தைப் பிணைப்பொருளாக வைத்துக்கொள்ளவும் 2002 விதிகள் இடம் தரவில்லை. கொடுக்க வேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்க மருத்துவமனைக்குத் தனி வழிகள் உண்டு.

இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் மேலிடத்து உத்தரவைத் திருப்பிச் சொல்பவர்தான். மறுப்பை எழுத்தில் கேட்டீர்களானால், பல இடங்களில் அந்த நிமிடமே பேச்சு மாறும்.

ஐந்தாம் படி: அரசு மருத்துவமனை என்றால்

மேலே சொன்ன விதிகள் அரசு மருத்துவர்களுக்கும் பொருந்தும். கூடுதலாக 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பதிலுக்கு 30 நாள் கெடு. ஆனால் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரம். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது ஆவணம் தேவைப்பட்டால், அதைக் காரணத்தோடு விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஆறாம் படி: உங்கள் ரகசியத்தைக் காத்துக்கொள்ளுங்கள்

நம் ஊர்களில் மருத்துவரே நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மகனிடமோ கணவரிடமோ பேசுவது வழக்கமாகிவிட்டது. அன்பினால் நடப்பதுதான், ஆனாலும் உரிமை நோயாளியுடையது. யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். "என்னைப் பரிசோதிக்கும்போது இவர்கள் வெளியே இருக்கட்டும்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்பது 2002 ஒழுங்குமுறைகளின் 7.14ஆம் விதி. விலக்குகள் மூன்றுதான்: நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி வெளியிடுவதையும் 7.17ஆம் விதி தடுக்கிறது. அறுவை அரங்கில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது என்றால் புகார் செய்யத் தயங்காதீர்கள்.

சில நோய்களுக்குச் சட்டம் கூடுதல் அரண் அமைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல், தன் எச்.ஐ.வி. நிலையை வெளியிட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1971ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் சேர்த்த 5ஏ பிரிவு, பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ரகசியத்துக்கும் ஆவணம் பெறுவதற்கும் தனித்தனிப் பிரிவுகளை வைத்திருக்கிறது. நோயாளிக்கே கடும் மனப் பாதிப்பு வரும் என்று கருதினால் ஒரு குறிப்பிட்ட தகவலை மருத்துவர் நிறுத்திவைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தினால், மனநல மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம் என்று நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

ஆபா என்ற 14 இலக்க மருத்துவ அடையாள எண்ணைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது விருப்பத்தின் பேரில் பெறுவது. பதிவுகளைப் பகிர ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும். செல்பேசியில் ஒப்புதல் கேட்டு வரும்போது எந்தத் தேதிப் பதிவு, எவ்வளவு காலத்துக்கு என்று பார்த்து அனுமதியுங்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதும் இதே நிதானம் தேவை. மருத்துவமனையிலிருந்து உங்கள் ஆவணங்களை நிறுவனம் பெறலாம் என்ற ஒப்புதல் அந்தப் பக்கங்களுக்குள் இருக்கும்.

ஏழாம் படி: மருந்துச் சீட்டு

சீட்டு கைக்கு வந்ததும் எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் வாசியுங்கள். உங்கள் பெயர், தேதி, மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இவ்வளவும் இருக்க வேண்டும். மருந்துகளை (பிராண்ட் பெயரில் இல்லாமல்) பொதுப்பெயரில், தெளிவாக, கூடுமானவரை ஆங்கில கேபிட்டல் எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016இல் திருத்தப்பட்ட 1.5ஆம் விதி கூறுகிறது. வாசிக்க முடியாத எழுத்து என்றால், "டாக்டர், இதை வாசித்துக் காட்டுங்கள், நான் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபப்பட மாட்டார். தெளிவான மருந்துச் சீட்டு பெறுவது வாழும் உரிமையின் பகுதி என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2025இல் கூறியிருக்கிறது.

மருந்தை எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம். மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று சாசனம் சொல்கிறது, பரிசோதனைக்கூடத்துக்கும் அதுவே. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் இந்தப் பிரச்சினையை விசாரித்தபோது, பொதுக் கட்டளை எதுவும் பிறப்பிக்காமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது.

கடைக்காரர் வேறு பிராண்டை நீட்டினால் கவனியுங்கள். சீட்டில் உள்ள மருந்துக்குப் பதிலாக வேறொன்றைத் தானாக மாற்றிக் கொடுக்க 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் அவருக்கு அனுமதி தரவில்லை. விலை குறைந்த மக்கள் மருந்தகத்தில் வாங்க விரும்பினால், பொதுப்பெயரில் எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேட்பது நேரான வழி. சில ஆன்டிபயாடிக்குகள் போன்ற, கூடுதல் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, நோயாளியின் பெயரையும் எழுதிய மருத்துவரின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெயர் கேட்கிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம். அதைவிடக் கடுமையான கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்து என்றால் சீட்டின் ஒரு பிரதி கடையிலேயே தங்கும். தொலைபேசி, காணொலி வழியாக ஆலோசனை பெற்றாலும் கையெழுத்துடன் கூடிய சீட்டு வரவேண்டும். ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் அந்த வழியில் எழுத 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல் தடை விதித்திருக்கிறது.

எட்டாம் படி: எங்கே புகார் செய்வது

முதலில் மருத்துவமனையின் குறைதீர் அலுவலருக்கு, பழைய கடிதத்தின் நகலோடு எழுதுங்கள். அங்கே அசையாவிட்டால், மருத்துவரின் நடத்தை பற்றியது மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். மருத்துவமனையைப் பற்றியது, தமிழ்நாட்டில், மாவட்ட மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்குப் போகும். மருந்துக்கடை பற்றிய புகார் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு.

கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்றால் நுகர்வோர் ஆணையமும் உண்டு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆவணம் தராததையே சேவைக் குறைபாடாக ஆணையங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. கெடு 2 ஆண்டு. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக: பில் கட்டும் முன் வாசியுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே, மருத்துவர் இருக்கும்போதே வாசியுங்கள். பெயர், வயது, எந்தப் பக்கத்து மூட்டு, ஒவ்வாமை, தொடர வேண்டிய மருந்து ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் திருத்தி, திருத்தியவர் கையெழுத்தும் தேதியும் இட்டுத் தரச் சொல்லுங்கள்.

மூட்டு அறுவைக்குப் போனபோது அந்த 61ஆம் பக்கத்தை மயக்க மருந்து நிபுணரிடம் கொடுத்தோம். அவர் மருந்தின் பெயரைப் புதிய கோப்பின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதினார். அம்மாவின் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டையும் கட்டினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது சம்மரியை வாங்கிப் பார்த்தால், "மருந்து ஒவ்வாமை" என்ற இடத்தில் "இல்லை" என்று அச்சாகியிருந்தது. பட்டை இன்னும் அம்மாவின் கையில்தான் இருந்தது. அதைக் காட்டினேன். இளம் மருத்துவர் முகம் சுருங்கி, "மன்னித்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பதினைந்து நிமிடத்தில் திருத்திய தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தாள்தான் இப்போது அம்மாவின் கோப்பில் முதல் பக்கம்.